வெள்ளைத்தலை வாலாட்டி

வாலாட்டிக் குருவியின் தலையைப் பார்த்தே அதன் பூர்வீகத்தைச் சொல்லிவிடுவான் மணிமாறன். மஞ்சள் வாலாட்டி எல்லாவற்றுக்கும் உடம்பு மஞ்சள்தான், வித்தியாசம் தலையில். சாம்பல் தலை ஒரு கிளையினம், அதிலேயே கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம் இருந்தால் வேறொன்று, கறுப்புத் தலை இன்னொன்று. அதுவும் மாசி, பங்குனியில், வடக்கே திரும்பும் முன் புது இறகு போடும்போதுதான் துலக்கமாகத் தெரியும். செந்துறை சாலையில் ஒரு சுண்ணாம்புக்கல் கிரஷரின் எடைமேடையில் பதினாறு வருடமாக லாரிக்குச் சீட்டு எழுதுகிறவனுக்கு இந்த வித்தை எதற்கென்று அவன் மனைவி ஜெயலட்சுமி கேட்காத நாளில்லை.

இந்த மாசியில் எடைமேடைக்குப் பின்னால் ஒரு வாலாட்டியைப் பார்த்தான். தலை முழுக்க வெள்ளை. அப்படி ஒரு கிளையினம் எங்கோ மங்கோலியா பக்கம் இருப்பதாகப் படித்திருக்கிறான். அரியலூரில் பார்த்ததாக யாரும் சொன்னதில்லை. அவசர அவசரமாகப் பைனாகுலரில் செல்போனை ஒட்டவைத்துப் படம் எடுத்தான். படம் கலங்கலாகத்தான் வந்தது. ஆனாலும் வெள்ளை வெள்ளைதானே?

அங்கே இருசம்மாள் மாடு மேய்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், பக்கத்துக் காலனிக்காரி. அவள் மாட்டின் காலடியில்தான் வாலாட்டிகள் பூச்சி பொறுக்கும்.

"அது வெள்ள இல்லீங்க சார், தூசு. லாரிக்காரங்க தார்ப்பா ஒதறுற எடத்துலயே மேயுது பாருங்க" என்றாள்.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த மூன்று டிரைவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். மணிமாறனுக்குச் சுருக்கென்றது.

"மாட்டப் பாத்துக்கிட்டுப் போ இருசாயி. குருவியப் பத்தி நீ எனக்குப் பாடம் எடுக்கிறியா?"

டிரைவர்கள் சிரித்தார்கள். தன் அக்காவைவிட மூத்தவளை 'நீ' என்பதும், பெயரைச் சுருக்கிக் கூப்பிடுவதும் அவனுக்கு உறுத்தியதே இல்லை. அவன் அப்பா அப்படித்தான் கூப்பிட்டார், அவனும் அப்படியே கூப்பிட்டான். அவள் மாட்டை ஓட்டிக்கொண்டு போனாள்.

அன்று மாலையே பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டான். குழுவின் பட்டியலை எழுதி வைப்பவர் திருச்சி அனுசுயா மேடம். லேசில் யாரையும் பாராட்டிவிட மாட்டார். அவரே, 'மாவட்டத்தின் முதல் பதிவாக இருக்கலாம், ஞாயிறு வருகிறேன்' என்று எழுதினார். மணிமாறனைக் கையில் பிடிக்க முடியவில்லை. புதுச் சட்டைக்கு இஸ்திரி போடச் சொல்லி ஜெயலட்சுமியின் உயிரை எடுத்தான்.

ஞாயிறு காலை சீக்கிரமே வந்து காத்திருந்தான். தூசு அடங்க ரோட்டில் தண்ணீர் லாரி ஊற்றிவிட்டுப் போயிருந்தது. பள்ளத்தில் தேங்கிய நீரில் அந்த வாலாட்டி வந்து இறங்கியது. முங்கியது, சிலிர்த்தது, மறுபடி முங்கியது. நாலாவது முறை நிமிர்ந்தபோது தலை சாம்பலாக இருந்தது. வருடா வருடம் இந்தப் பக்கம் வரும் சாதாரணச் சாம்பல் தலை.

பதினாறு வருடம் இந்தத் தூசைத் தின்று வாழ்பவன், தூசுக்கு மங்கோலியாவரைக்கும் ஊர் தேடியிருக்கிறான். காது மடல் சுட்டது. திரும்பினால், இருசம்மாள் நிற்கிறாள். அவளும் பார்த்துவிட்டாள். பார்க்காதவள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டதுதான் அவனைக் கொன்றது.

சற்று நேரத்தில் அனுசுயா இரண்டு நண்பர்களோடு காரில் வந்து இறங்கினார். குருவி விடியும்போதே பறந்துபோய்விட்டது என்று மணிமாறன் சொன்னான். அந்தப் பொய் தயக்கமில்லாமல் வந்தது. பரவாயில்லை, வேறு யாராவது பார்த்திருந்தால் பட்டியலில் ஏற்றிவிடலாம் என்ற அனுசுயா, இருசம்மாளிடம் போனார்.

"அம்மா, நீங்க வெள்ளைத் தலைக் குருவியைப் பாத்தீங்களா?"

அவள் மணிமாறனை ஒரு பார்வை பார்த்தாள்.

"பாத்தேங்க. வெள்ளத் தலதான். சாரு சொன்னா தப்பா இருக்காதுங்க."

அவள் போட்டுக் கொடுத்திருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருப்பான். இதற்கு என்ன செய்வது? உடம்பெல்லாம் கூசியது. அனுசுயா நோட்டைத் திறந்துவிட்டார்.

"எழுதாதீங்க மேடம். அது தூசு. காலையில குளிச்சதும் போயிருச்சு. இவ... இவங்க அன்னிக்கே சொன்னாங்க. நான்தான் நாலு பேரு முன்னாடி அசிங்கமாப் பேசி அனுப்பிட்டேன்."

அனுசுயா எழுதத் தொடங்கியிருந்த வரியை அடித்துவிட்டார். எல்லோருக்கும் நடப்பதுதான், ஒப்புக்கொள்வதுதான் பெரிசு என்றார். மணிமாறனுக்கு மூச்சு வந்தது. உண்மையைச் சொல்லிவிட்டோம் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

தூசு என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அனுசுயா இருசம்மாளைக் கேட்டார்.

"எங்க வூட்டுக்காரரு இங்கதாங்க லோடுமேனா இருந்தாரு. பொழுது சாஞ்சா தல முச்சூடும் வெள்ளையாத்தான் வருவாரு. ரெண்டு வாளி தண்ணி ஊத்துனா சின்ன வயசு ஆளாயிருவாரு. நெஞ்சுக்குள்ள போன தூசுதான் கடைசி வரைக்கும் போவல. அவரு போயி ரெண்டு வருசம் ஆச்சு."

"அவர் பேர் என்னங்க?"

அவள் சேலைத் தலைப்பை வாயருகே கொண்டுபோய்ச் சிரித்தாள். புருஷன் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை.

"சாரைக் கேளுங்க. பதினோரு வருசம் இவருகிட்டதான் தெனமும் சீட்டு வாங்குனாரு."

எல்லோரும் மணிமாறனைப் பார்த்தார்கள். சீட்டு வாங்க எடைமேடைச் சன்னலில் நீண்ட கைகள் ஞாபகம் வந்தன. வெள்ளை பூசிய தலைகளும் ஞாபகம் வந்தன. அத்தனையும் ஒன்றுபோலவே இருந்தன. அதில் எது இவள் புருஷன்? என்ன பெயர்? இருசம்மாள் சிரித்தபடியே காத்திருந்தாள். பிறகு அவளுக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பு போய்விட்டது. நிற்கிற இடத்திலேயே செத்துவிடலாம்போல இருந்தது அவனுக்கு.

கடைசியில், இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, அவளே சொன்னாள்.

"அரியமுத்துங்க."