குரூமிங் வனஜா

1

இந்தக் கதை என்னுடையதல்ல. வைட்ஃபீல்டில் எங்கள் அடுக்ககத்து வாசலில் வந்து நிற்கும் வேனுக்குள், என் நாயின் நகத்தை வெட்டிக்கொண்டே வனஜா சொன்னது. பெயர்களை மட்டும் மாற்றச் சொன்னார். மாற்றிவிட்டேன்.

'வேனுக்குள் எப்போதும் ஷாம்பு வாசனை' என்று தொடங்கிப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் கதை வாசனையில் தொடங்கவில்லை. ஒரு சொல்லில் தொடங்கியது.

2

வனஜா திருப்பத்தூர்க்காரர். வீடு அடுகோடியில். நாய்களைக் குளிப்பாட்டி, முடி வெட்டி, காது துடைத்துவிடுவது வேலை. அதற்குக் குரூமிங் என்று பெயர். எங்களில் பலருடைய போனில் அவர் 'குரூமிங் வனஜா'. (அலுவலகத்துக்கு எப்படி உடுத்தி வர வேண்டும் என்று புதியவர்களுக்குச் சொல்லித்தருவதும் குரூமிங்தான். ஒருவரை நாளைய மேலதிகாரியாகத் தயார்செய்வதும் அதேதான். இன்னும் ஒன்று இருக்கிறது, அதற்கு வருகிறேன்.)

மகள் ரக்ஷா ஏழாம் வகுப்பு. பள்ளியிலிருந்து போனில் தகவல் வந்தது: சனிக்கிழமை குரூமிங் பற்றிப் பெற்றோர் கூட்டம், அவசியம் வரவும். வனஜாவுக்குச் சிரிப்பு வந்தது. நகம் வெட்டவும் தலை வாரவும் தனக்கே வகுப்பா? சனிக்கிழமை வேறு வேலை அதிகம். போவதில்லை என்று முடிவுசெய்தார்.

3

மறுநாள் ஸ்னேஹாவின் நாயைத் துவட்டும்போது அதை வேடிக்கையாகச் சொன்னார். (ஸ்னேஹாவை நானாக்கிவிட எனக்கு ஆசை. ஒரு குழந்தையைக் காப்பாற்றிய பெருமை யாருக்குக் கசக்கும்? ஆனால் அவர் என் எதிர்வீட்டுப் பெண்.)

"எனக்கே குரூமிங் சொல்லித் தராங்களாம் மேடம்!"

ஸ்னேஹா சிரிக்கவில்லை. "வனஜாக்கா, அது வேற. பெரியவங்க யாராவது குழந்தைகிட்ட நல்லவங்க மாதிரி பழகி, கிஃப்ட் குடுத்து, 'வீட்ல சொல்லாதே'ன்னு ரகசியம் வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா நம்மகிட்டேர்ந்து பிரிச்சிடுவாங்க. அப்புறம் தப்பா நடந்துப்பாங்க. அதுக்கும் குரூமிங்னுதான் பேர்."

வனஜாவின் கையில் துண்டு அப்படியே நின்றது. ரக்ஷாவின் பையில் ஒரு போனைப் பார்த்திருந்தார். தோழியுடையது என்றாள். கொஞ்ச காலமாகவே வீட்டில் வாயே திறப்பதில்லை. அவளுடைய ஷட்டில் பயிற்சியாளர் கிஷோர், ஞாயிற்றுக்கிழமை மைசூரில் போட்டி என்றும் ரக்ஷாவைத் தானே காரில் கூட்டிப்போவதாகவும் சொல்லியிருந்தார்.

"மேடம், நான் வீட்டுக்குப் போகட்டுமா? பாதிதான் ஆச்சு..."

"ஈரத்தோடவே இருக்கட்டும். வாங்க, நானும் வரேன்."

4

இங்கே வனஜா மகளை அறைவதாக எழுதினேன். நம்பும்படியாகவே இருந்தது. அந்த வரியை அடித்துவிட்டேன், ஏனென்றால் அவர் அறையவில்லை. கட்டிலில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"உம்மேல ஒரு தப்பும் இல்ல கண்ணு. அந்த போன் யாரு குடுத்தது?"

ரக்ஷா அழுது ஓயும்வரை காத்திருந்தார்.

"சார். சொன்னா நீ என்ன ஆட விடாம நிறுத்திடுவன்னாரும்மா. அவருக்கு மட்டுந்தான் என்னப் புரியுமாம்."

"வேற ஏதாச்சும்?"

"போட்டோ அனுப்பச் சொன்னாரு. நான் அனுப்பல."

மைசூரில் அப்படியொரு போட்டியே இல்லை என்பதை ஸ்னேஹா விசாரித்துச் சொன்னார். மூவரும் காவல் நிலையம் போனார்கள். கிஷோர் அனுப்பிய செய்திகள் எல்லாம் அந்த போனிலேயே இருந்தன. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே கிஷோரைக் கைதுசெய்தார்கள்.

5

ஸ்னேஹாவுக்கு வனஜா நன்றி சொல்லும் காட்சியைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் காலில் விழுகிறார். ஸ்னேஹாவுக்கு அதெல்லாம் பிடிக்காது. இன்னொன்றில் கை நிறைய மல்லிகையும் இனிப்புமாக வந்து... வேண்டாம். வனஜா என்னிடம் சொன்னது இவ்வளவுதான்:

"அவங்களும் கூடச் சிரிச்சிருந்தா, நான் பாட்டுக்கு வேலையப் பாத்துட்டுப் போயிருப்பேன் சார். அத நெனச்சு தெனமும் கும்பிடறேன்."

ரக்ஷா இப்போது வேறு இடத்தில், ஒரு பெண் பயிற்சியாளரிடம் ஆடுகிறாள். போன வாரம் பயிற்சி முடிந்து விவேக் நகரில் அம்மாவோடு பஸ் ஏறியதும் பேச ஆரம்பித்தாளாம். யாருக்கு சர்வீஸ் போடத் தெரியவில்லை, யார் தோற்றுவிட்டுக் கால் வலி என்றாள், எல்லாம்.

அவள் பேச்சு ஓய்ந்ததும் கதையை முடித்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். "எங்க சார், நிறுத்தவே மாட்டேங்கறா" என்கிறார் வனஜா, முகமெல்லாம் சிரிப்பாக. ஆகவே கடைசி முற்றுப்புள்ளியை உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். வைப்பதற்கு அவசரமில்லை, அவள் பேசட்டும்