கேட்டு நடந்தவர்கள்

ஆல்வின் பெடோஸ் தன் அறுபத்தாறு வயதுக்குள் யாரிடமும் மரியாதைக் குறைவாக ஒரு சொல் பேசியதில்லை. தன் காலை மிதித்தவரிடம்கூடத் தானே மன்னிப்புக் கேட்கிற மனிதர். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை, நெதர்வுட்டில் பாதிப் பேர் அப்படித்தான். அந்த நல்ல குணம்தான் கடைசியில் ஊரின் வழியையே அடைக்கப் பார்த்தது.

வழி என்றால் பெரிய வழி இல்லை. தேவாலயத்துக்குப் பின்னால் வேலிக் கடவில் ஏறி இறங்கி, நீள்வயல் என்கிற மேய்ச்சல் நிலத்தைக் குறுக்கே கடந்து, ஆற்றோரமாகவே போய்ப் பள்ளிக்கூடத்தின் பின்வாசலில் முடிகிற ஒற்றையடிப் பாதை. ஆல்வின் முப்பத்தொரு வருடமாகத் தினமும் காலையில் நாயோடு அதில் நடந்தவர். அடாது மழை பெய்தாலும் விடாது நடப்பார். மே மாதத்தில் வேலி முழுக்க வெள்ளையாகப் பூத்திருக்கும்போது, ஆற்றங்கரையில் நின்று மீன்கொத்தி பறப்பதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து நனைந்த பூட்ஸைக் கழற்றிப் போட்டு, இரண்டு முட்டையும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் சாப்பிட்டால், இந்தச் சுகம் அரண்மனையில்கூடக் கிடையாது என்று நினைப்பார். அவர் நினைத்தது சரிதான்.

நிலம் கிழவர் எர்ன் ப்ரீஸுடையது. அவர் இருந்தவரை யாரும் அந்தப் பாதையைப் பற்றி யோசித்ததே இல்லை. அவர் செத்த பிறகு, மாடு மேய்க்க மனம் இல்லாத மகன்கள் நிலத்தை லண்டன்காரர் ஒருவருக்கு விற்றார்கள். கெட்டும் பட்டணம் சேர் என்பார்கள். இப்போதெல்லாம் பட்டணத்தில் நன்றாகப் பிழைத்தவர்கள்தான் கிராமம் சேர்கிறார்கள். வந்தவர் பெயர் டோபி லாங்ரிஷ். கெட்டவர் இல்லை. ஆற்றோரத்தில் மரக்குடில்கள் கட்டி விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விட வேண்டும் என்பது அவர் ஆசை. விருந்தாளிகளின் ஜன்னலுக்கு முன்னால் ஊர்ப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடக்கூடாது அல்லவா? ஈஸ்டர் முடிந்த திங்களன்று கடவைக் கம்பி போட்டு அடைத்துப் பலகையும் மாட்டினார். அரசாங்க வரைபடத்தில் அந்தப் பாதை இல்லை என்பதையும் எல்லோருக்கும் பணிவாகக் கடிதம் எழுதிச் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து பிள்ளைகள் தார்ச்சாலை வழியாகப் போனார்கள். நடைபாதை இல்லாத சாலை. வளைவுக்கு வளைவு டிராக்டரும் பால் லாரியும். பயந்துபோன இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை நகரத்துப் பள்ளிக்கு மாற்றிவிட்டன. மிச்சம் இருபத்தைந்து பிள்ளைகள். இன்னும் ஐந்து பேர் போனால் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு. பள்ளிக்கூடம் போனால் இளசுகள் யாரும் ஊரில் தங்க மாட்டார்கள், நெதர்வுட்டில் ஆல்வினைப் போன்ற ஆட்களும் அவர்களுடைய நாய்களும் மட்டும் மிஞ்சுவார்கள்.

ஊர்சபைத் தலைவி ஹிலரி கார்ஃபீல்டு ஒரு கட்டு சாட்சிப் படிவங்களோடு ஆல்வின் வீட்டுக்கு வந்தார்.

"நீங்கதான் ஆல்வின் நம்ம பெரிய சாட்சி. முப்பத்தொரு வருஷம்! வேற யாரு இருக்கா? இருபது வருஷம் ஊர் ஜனம் நடந்திருந்தாலே பாதை ஊருக்குச் சொந்தம். ஒளிஞ்சு போயிருக்கக் கூடாது, வேலிய ஒடச்சுட்டுப் போயிருக்கக் கூடாது, அனுமதி கேட்டுட்டும் போயிருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"கேட்டா என்ன?"

"கேட்டு, நிலத்துக்காரரு சரின்னு சொல்லி நடந்தா அது அவரு தயவு. கேக்காம நடந்தாத்தான் உரிமை. சட்டம் அப்படி."

ஆல்வின் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். ஒவ்வொரு வருடமும் அறுவடைத் திருவிழா முடிந்ததும், தான் காய்ச்சிய பிளம் ஜாமில் ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு எர்ன் ப்ரீஸின் கொல்லைக் கதவைத் தட்டுவார். 'இந்த வருஷமும் உங்க வயல் வழியா வந்துக்கலாமா எர்ன்?' என்று கேட்பார். எர்ன் ஜாமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு 'ம்' என்பார். அவ்வளவுதான் பேச்சு. அடுத்தவர் நிலத்தில் கால் வைக்கிறோம், ஒரு வார்த்தை கேட்பதுதானே மனிதத்தன்மை என்று இருந்துவிட்டார்.

ஹிலரியிடம் அதைச் சொன்னார். அந்த அம்மாள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"நாய்க்குத் தெரியும்."

"நாய் வந்து சாட்சி சொல்லாது. 'இல்லை'ன்னு போட்டுடுங்க."

"அது பொய்யாச்சே ஹிலரி."

"எர்ன் செத்துட்டாரு. பிள்ளைங்க ரோட்ல நடக்குதுங்க. எது பெருசுன்னு நீங்களே பாத்துக்குங்க." கோட்டை மாட்டிக்கொண்டு, பிஸ்கட்டைக்கூடத் தொடாமல் போய்விட்டார்.

ஆல்வின் படிவம் முழுவதையும் நிரப்பி, அனுமதி கேட்டீர்களா என்ற ஒரு கேள்வியை மட்டும் வெறுமையாக விட்டு அனுப்பினார்.

பாதையைப் பற்றிய அரசாங்க விசாரணை அடுத்த வருடம் ஜூன் மாதத்துக்குத்தான் வந்தது. அதற்கு முந்தின நாள், தபால் பெட்டி அருகே கெய்லி டிப்டன் அவரை மறித்தாள். ஊர்க் கோடியில் அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீடுகளில் இருக்கிறவள், மூன்று பிள்ளைகளின் தாய். அவளுக்கும் ஆல்வினுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. ஏழு வருடத்துக்கு முன்னால் நீள்வயலில் தள்ளுவண்டியோடு வந்தவளிடம், 'எர்ன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்தா மரியாதையா இருக்குமேம்மா' என்று இவர் சொல்லப்போக, அவள் மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் போய்விட்டாள். அன்றிலிருந்து அந்தக் குடும்பமே மட்டு மரியாதை தெரியாத குடும்பம் என்று அவர் தீர்மானித்திருந்தார். ஊரும் அப்படித்தான் பேசும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

"நாளைக்கு நல்லா பேசுங்க மிஸ்டர் பெடோஸ். நேத்து பால் லாரி என் சின்னவ கைய உரசிட்டுப் போயிருக்கு. சட்டை கிழிஞ்சுது. கை தப்பிச்சுது." எந்த இடம் என்று தன் கையிலேயே தடவிக் காட்டினாள்.

அன்று ஆல்வின் கண்ணாடி முன் நின்று 'இல்லை, கேட்டதில்லை' என்று பத்துத் தரம் சொல்லிப் பார்த்தார். பத்தாவது தரம் கொஞ்சம் நன்றாகவே வந்தது.

ஊர்மண்டபம் நிரம்பி வழிந்தது. அரசாங்க அதிகாரியாக வந்திருந்த அம்மாள் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் குடித்துவிட்டு, வக்கீலைப் பார்த்துத் தலையசைத்தார். லாங்ரிஷின் வக்கீல் எழுந்தார்.

"மிஸ்டர் பெடோஸ், ஒரு கேள்விய விட்டுட்டீங்க போலிருக்கு. அனுமதி எப்பவாவது கேட்டதுண்டா?"

கெய்லி இரண்டாவது வரிசையில் சின்னவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆல்வின் அவளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். கண்ணாடி முன் வந்தது இங்கே வரவில்லை.

"ஆமாங்க. வருஷா வருஷம் கேட்டேன். பிளம் ஜாமும் குடுத்தேன்."

ஜாமைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதையும் அவராகவே சொல்லித் தொலைத்தார். ஹிலரி கண்ணை மூடிக்கொண்டார். பின்னாலிருந்து யாரோ, "கெடுத்தான் பாவி," என்றது தெளிவாகக் கேட்டது.

அதிகாரி அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "வேற யாராவது இப்படிக் கேட்டதுண்டா? உண்மையச் சொல்லணும்."

ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு மதுக்கடைக்காரர், "நான் ஆப்பிள் சைடர் குடுப்பேன். கிறிஸ்துமஸுக்கு ரெண்டு பாட்டில்," என்றார். முட்டை கொடுத்தவர் ஒருவர் எழுந்தார். பூசணி கொடுத்தவர் எழுந்தார். கடைசியில் ஹிலரி கார்ஃபீல்டே எழுந்தார், முகம் பீட்ரூட் நிறம். "கேக். பதினெட்டு வருஷமா."

ஒவ்வொருவரும் தான் ஒருத்தர்தான் முறை தெரிந்தவர் என்று நினைத்துக் கமுக்கமாகப் போய்க் கேட்டிருக்கிறார்கள். அவர்களையெல்லாம்விடக் கமுக்கமானவர் எர்ன் ப்ரீஸ். எல்லோருக்கும் ஒரே 'ம்' சொல்லிவிட்டு, ஊர் முழுக்கச் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு நிம்மதியாக வாழ்ந்து முடித்திருக்கிறார். வந்திருந்த இருபத்தொன்பது படிவங்களில் இருபத்திரண்டு அந்த அரைமணி நேரத்தில் செல்லாமல் போயின.

கெய்லியைக் கூப்பிட்டார்கள். குழந்தையை இடுப்பில் வைத்தபடியே வந்தாள்.

"நீங்க கேட்டீங்களா?" என்றார் வக்கீல்.

"எதை?"

"அனுமதிய."

"பாதையில போறதுக்கு எதுக்குக் கேக்கணும்? இருபத்தெட்டு வருஷமாப் போறேன். அதுக்கு முன்னாடி எங்கம்மா போனாங்க."

"கேக்கணும்னு யாரும் சொன்னதே இல்லையா?"

"சொன்னாங்களே. அவருதான் சொன்னாரு." விரல் நேராக ஆல்வினைக் காட்டியது.

"அப்புறமாவது கேட்டீங்களா?"

"இல்ல. அவரு கேட்டா சரிம்பாங்க. எங்க மாதிரி ஆளுங்க கேட்டா முடியாதும்பாங்க. அதான் நாங்க எதையும் கேக்கறதில்ல."

அவள் அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கடையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சொல்கிற மாதிரி சொன்னாள். ஆல்வினுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முப்பத்தொரு வருடம் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் என்ன வரும் என்பது முன்கூட்டியே தெரிந்ததால்தானே கேட்டார்! 'முடியாது' என்ற சொல்லை வாழ்க்கையில் அதிகம் கேட்காதவருக்குப் பணிவு ஒரு செலவே இல்லை. அவளுக்கு அது கட்டுப்படியாகாத பண்டம். இதைப் போய் மரியாதை தெரியாத குடும்பம் என்றாரே.

செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. கேட்டு நடந்த இருபத்திரண்டு பேரையும் ஒதுக்கிவிட்டு, கேட்காமல் நடந்த ஏழு பேரின் சொல்லை அதிகாரி எடுத்துக்கொண்டிருந்தார். ஏழு பேரும் ஊர்க்கோடிக்காரர்கள். பாதை ஊருடையது, வரைபடத்தில் ஏற வேண்டும், கம்பியை எடுக்க வேண்டும். ஹிலரி அந்த ஏழு வீட்டுக்கும் கேக் செய்து கொண்டுபோனதாகக் கேள்வி. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா?

கம்பியை எடுத்த முதல் காலையில் ஆல்வின் நாயோடு கடவைத் தாண்டினார். சற்றுப் பின்னால் கெய்லி பிள்ளைகளோடு ஏறிக்கொண்டிருந்தாள். வயலில் டோபி லாங்ரிஷ் புத்தம் புது ரப்பர் பூட்ஸில் நின்றிருந்தார். தோற்ற மனிதர் அல்லவா, பெருந்தன்மையாக இருக்கவேண்டும் என்று நினைத்திருப்பார். நெஞ்சில் கைவைத்துச் சிரித்தார்.

"வாங்க மிஸ்டர் பெடோஸ். நீங்க எப்ப வேணும்னாலும் தாராளமா வந்து போகலாம். எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல."

'ரொம்ப நன்றி' என்பது ஆல்வினின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அறுபத்தாறு வருடப் பழக்கம். பின்னால் பிள்ளைகளின் சத்தம் நின்றிருந்தது. கெய்லி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று திரும்பாமலே அவருக்குத் தெரிந்தது.

"நான் உங்ககிட்ட கேக்கலையே," என்றார்.

சொல்லிவிட்டு நடந்தார். ஆறு வரும்வரை காது இரண்டும் சுட்டன. பாவம், நல்ல மனிதர், திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்று இரண்டு தரம் நின்றார். கேட்கவில்லை.