சலவைக்கூடத்து மொட்டைமாடியில் ஒரு எட்டு

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பதினேழு வருடமாக வேலை பார்த்து வந்தவள், நாற்பத்து நான்காம் வயதில் வானியல் படிக்கச் சேர்ந்தாள். அஞ்சல்வழிப் படிப்பு. ஆறு மாதம், பன்னிரண்டு பாடம். சனிக்கிழமை மாலை ஐந்திலிருந்து ஆறு வரை ஆசிரியையிடம் போனில் சந்தேகம் கேட்கலாம். விண்ணப்பத்தில் ‘சேர்வதற்கான காரணம்’ என்றிருந்த கட்டத்தின் முன் வெகுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, ‘சும்மா’ என்று எழுதினாள். அதற்கும் இடம் கொடுத்துவிட்டார்கள்.

“நல்லதாப் போச்சு. மழை வருமான்னு இனிமே உன்கிட்டயே கேட்டுக்கறேன்” என்றார் கணவர்.

கணவரின் தங்கைக்கும் அதே சலவைக்கூடத்தில்தான் வேலை, துணி மடிக்கும் மேசையில். அவள் உள்ளங்கையை நீட்டினாள். “அண்ணி, எனக்கு நல்ல நேரம் எப்போன்னு பாத்துச் சொல்லுங்களேன்.”

“அது ஜோசியம். இது வேற.”

“என்ன வேற? ரெண்டு பேரும் ஆகாசத்தப் பாத்துத்தான சொல்றாங்க.”

முதல் பாடத்தை மட்டுமே படித்திருந்த அவள், மடித்த போர்வைகளை எண்ணுவதுபோல் திரும்பிக்கொண்டாள். நாத்தனார் ஜெயித்த முகத்தோடு அடுத்த போர்வையை எடுத்தாள்.

பாடம் போகப் போக அவளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆவி மண்டிய கூடத்தில் பெரிய எந்திரத்தின் வட்டக் கண்ணாடிக்கு எதிரே நிற்பாள். உள்ளே வெள்ளைத் துணிகள் ஏறி, கவிழ்ந்து, மறுபடி ஏறும். தன் காலடித் தரையும் இப்படித்தான் சத்தமே இல்லாமல் சுழன்றுகொண்டிருக்கிறது என்ற நினைப்பு வந்ததும், கை தானாகச் சுவரைப் பிடித்துக்கொள்ளும். “தலை சுத்துதா அண்ணி?” என்று நாத்தனார் கேட்டால், “எல்லாந்தான் சுத்துது” என்பாள்.

நான்காம் பாடத்தில் ஒரு செய்முறை வந்தது. வெயில் விழும் இடத்தில் ஒரு குச்சியை நேராக நட்டு, தினமும் உச்சிவேளையில் நிழலின் நுனியைக் குறிக்க வேண்டும். நிழல் மிகக் குறுகும் நேரமே உச்சிவேளை, அது விழும் கோடே வடக்கு தெற்குக் கோடு என்று எழுதியிருந்தது. உடைந்த துடைப்பான் கம்பு ஒன்றைப் பழைய பெயிண்ட் டப்பாவில் சிமெண்ட் ஊற்றி நிறுத்தி, கம்பளிகள் காயும் மொட்டைமாடியில் அசையாமல் பதித்தாள். சாக்பீஸ் மழைக்கு நிற்காது என்று, மருத்துவமனைத் துணிகளுக்கு எண் போடும் அழியாத மையை எடுத்துக்கொண்டாள். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்த நொடியே மாடியேறி ஒரு புள்ளி வைப்பாள். காயும் கம்பளிகளுக்கு நடுவே, நாலு பக்கமும் வெள்ளையாக, அந்த ஒரு நிமிடம் பூமியில் வேறு யாருமே இல்லாதது போல இருக்கும்.

இப்படி முப்பத்தாறு புள்ளிகள் ஆயின. முப்பத்தேழாம் நாள் அவளுக்குக் காய்ச்சல்.

“ஒரு புள்ளி வெச்சிட்டு வந்துடு” என்று நாத்தனாரிடம் போனில் கெஞ்சினாள்.

சாயங்காலம் நாத்தனார் வீட்டுக்கு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

“இன்னிக்கி மெஷின் படுத்துடுச்சு. வேலையே இல்ல. பதினொண்ணரையிலேருந்து மாடியிலயேதான் இருந்தேன். சும்மா இருக்கப் பிடிக்காம அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணா வெச்சு, நாடாவால அளந்தேன். பன்னெண்டு மணிக்கு நிழல் நிக்கல அண்ணி. அதுக்கப்புறமும் சுருங்கிக்கிட்டே போச்சு. பன்னெண்டு இருபது வாக்குலதான் நீள ஆரம்பிச்சுது. நான் ஏதாவது தப்பாப் பண்ணிட்டேனா?”

காய்ச்சலிலும் அவளுக்குச் சட்டென்று உறைத்தது. தப்புப் பண்ணியது தான்தான். உச்சிவேளை என்றதும் சாப்பாட்டு மணியை நம்பிவிட்டாள். கடிகாரத்தின் பன்னிரண்டு வேறு, சூரியனின் உச்சி வேறு. முப்பத்தாறு புள்ளிகளும் தவறான கோட்டில் கிடக்கின்றன, அதுவும் அழியாத மையில். போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

“நான் வாயத் தொறந்திருக்கவே கூடாது” என்று நாத்தனார் போர்வைக்கு மேலே அவள் தோளைத் தடவிக்கொடுத்தாள்.

சனிக்கிழமை ஆசிரியையிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தாள்.

“அந்தப் புள்ளிய எல்லாம் அழிச்சிட்டீங்களா?”

“அழியாது மேடம்.”

“நல்லவேளை. உங்க நாத்தனார் கண்டுபிடிச்ச நேரத்த வெச்சு, புதுக் கோடு தனியாப் போட்டு அனுப்புங்க. பழையத விட்டுடாதீங்க. அதே பன்னெண்டு மணிக்கு, அதே குச்சி, ஒரு வருஷம் வெச்சுக்கிட்டே வாங்க.”

“ஒரு வருஷம் வெச்சா என்ன வரும் மேடம்?”

“நான் சொல்ல மாட்டேன். நீங்களே பாருங்க.”

படிப்பு முடிந்து சான்றிதழும் தபாலில் வந்துவிட்டது. புள்ளிகள் மட்டும் நிற்கவில்லை. அவளுக்கு விடுமுறை என்றால் நாத்தனார் வைத்தாள். மேகம் மூடிய நாட்களில் இருவரும் குச்சியருகே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு இறங்கினார்கள். சில வாரங்கள் புள்ளிகள் நகர மனமில்லாதவைபோல ஒன்றையொன்று ஒட்டி விழுந்தன. பிறகு மெல்ல வளைந்து, வந்த திசைக்கே திரும்பின. ஆறாம் மாதத்தில் ஒருநாள், புதுப் புள்ளி பழைய வரிசையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மறுபக்கம் போனது. அன்று அவள் மத்தியானச் சாப்பாட்டை மறந்து அந்த வெட்டுமிடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வருடம் திரும்பிய நாளில் புள்ளி, முதல் புள்ளியின் பக்கத்திலேயே வந்து விழுந்தது. நாத்தனார் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்று கீழே பார்த்தாள்.

“அண்ணி, எட்டு. லைசென்ஸுக்குப் போடற எட்டு.”

அவளும் ஏறிப் பார்த்தாள். தலை சிறுத்து, அடி பருத்து, நீண்டு ஒல்லியான எட்டு. சில மாதம் சூரியன் கடிகாரத்தை முந்துகிறது, சில மாதம் பின்தங்குகிறது, பூமி சாய்ந்து நின்று, முழு வட்டமாக இல்லாத பாதையில் போவதால் அப்படி என்று நாத்தனாருக்குச் சொல்லத் தொடங்கியவள், பாதியில் நிறுத்திவிட்டாள். பிறகு சொல்லிக்கொள்ளலாம். தொட்டி விளிம்பில் கால்களைத் தொங்கப்போட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். வெயில் முதுகில் இதமாக இருந்தது. கீழே வேலை மணி அடித்தது காதில் விழவில்லை.

மேற்பார்வையாளர் மூச்சிரைக்க மேலே வந்தார். திட்டத்தான் வந்தார். தரையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“யார் வரைஞ்சது இது?”

“யாரும் வரையல சார். நாங்க குறிச்சோம், அவ்வளவுதான்” என்றாள் நாத்தனார்.

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, எந்தப் புள்ளியையும் மிதிக்காமல், எட்டின் ஓரமாகவே மெல்ல ஒரு சுற்று நடந்து வந்தார்.