எல்லா ஊரிலும் ஓடிய கொள்ளிடம்

முத்துவேல் சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பூவரசனின் ஆய்வறிக்கையை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி படித்தார். "எங்கள் ஊராகிய செந்துறையின் தென்புறம் கொள்ளிடம் ஆறு வளம் கொழிக்கப் பாய்கிறது. ஆண்டு முழுவதும் நெல்லும் கரும்பும் செழிக்கின்றன." வகுப்பு கொல்லென்று சிரித்தது. செந்துறை மானாவாரி பூமி. வானம் பார்த்து விதைத்து, வானத்தைத் திட்டிக்கொண்டே அறுக்கிற ஊர். பூவரசனும் சேர்ந்து சிரித்தான். படிக்கப்படுவது தன் அறிக்கைதான் என்பது பாவம் அவனுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. சார் அடுத்ததை எடுத்தார். ரெட்டிபாளையம். சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்டுத் தூசியுமாகக் கிடக்கிற ஊர். அதன் தென்புறத்திலும் கொள்ளிடம் வளம் கொழிக்கப் பாய்ந்தது. அதற்கும் சிரித்தார்கள். மூன்றாவதிலும் நான்காவதிலும் கொள்ளிடம் விடாமல் பாய, சிரிப்பு தேய்ந்தது. ஆறாவது அறிக்கையில் யாரும் சிரிக்கவில்லை.

அரியலூர் பக்கத்துக் கலைக்கல்லூரி ஒன்றில் பி.ஏ. பொருளாதாரம் கடைசி வருடம் படிக்கிற இருபத்தெட்டு பேர். இருபத்தெட்டு ஊர். எல்லா ஊரிலும் ஒரே ஆறு. திருமானூரிலிருந்து வருகிற பிரவீணாவின் அறிக்கையில் மட்டும்தான் அந்த ஆறு நிஜமாக ஓடியது.

"யாரு வேலை இது?" என்றார் சார். அதட்டவில்லை. அதட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று சத்யாவுக்குத் தோன்றியது. அவள் எழுந்து நின்றாள். ரெட்டிபாளையம் அறிக்கை அவளுடையது. மற்ற இருபத்தேழும் அவள் கைவண்ணம்தான். முதலில் பிரவீணா கேட்டாள் என்று திருமானூரைப் பற்றி ஏஐயிடம் எழுதி வாங்கினாள். அழகாக வந்தது. பிறகு ஆளுக்கு ஆள் "எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு சத்யா" என்று வந்து நிற்க, "இதே மாதிரி செந்துறைக்கு", "இதே மாதிரி ரெட்டிபாளையத்துக்கு" என்று லைப்ரரியில் உட்கார்ந்து ஒரே மத்தியானத்தில் தட்டித் தள்ளிவிட்டாள். சொன்னதைச் செய்கிற சமர்த்துப் பிள்ளை அது. ஊர்ப்பெயரை மாற்றியது, ஆற்றை அப்படியே விட்டுவிட்டது. இவளும் படித்துப் பார்க்கவில்லை. தன் ஊர் அறிக்கையைக்கூடப் படிக்காமல் கொடுத்தாளே, அதைத்தான் அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"ஆய்வறிக்கை இல்லாம டிகிரி கெடையாது. இருபத்தெட்டு பேருக்கும் சைபர், அடுத்த வருஷம் திரும்ப எழுதிக்குங்க" என்றார் சார். "சத்யாவை என்ன பண்றதுங்கறதை கமிட்டி முடிவு பண்ணும். அடுத்த வெள்ளிக்கிழமை பிரின்ஸ்பால் ரூமுக்கு வந்துடு."

வகுப்பில் யாரும் அவளைத் திட்டவில்லை. அதுதான் கொடுமை. பிரவீணா மட்டும் பஸ் ஸ்டாப்பில் வந்து பக்கத்தில் நின்றாள். இருபத்தெட்டு பேரில் பாதிக்கு மேல் அவரவர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். ஒருத்திக்கு பி.எட். இடம் தயாராக இருக்கிறது, ஒருவனுக்கு டிகிரி வந்தால் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். தன் ஒருத்தி வருடம் போனால் போகட்டும், அப்பாவுக்குப் பதில் சொல்லிக்கொள்ளலாம். இந்த இருபத்தேழு பேர் வருடத்தை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது? இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, கையால் திரும்ப எழுதியாவது கொடுத்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தாள். அதிகம் சிரிப்பு வாங்கியவன் பூவரசன், அதனால் முதலில் செந்துறை.

சனிக்கிழமை சத்யாவும் பூவரசனும் கேள்விப் படிவத்தோடு போனார்கள். ஏரிக்கரையில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. சோறு தின்னப் பெண்கள் வேலமர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். "எத்தனை ஏக்கர் நெலம் இருக்குங்க?" என்று சத்யா ஆரம்பித்தாள். யாரும் தலை நிமிரவில்லை. "வருஷத்துக்கு நாலு பேரு வந்து இதைத்தான் கேக்குறீங்க. எழுதிட்டுப் போயி என்னா பண்ணுனீங்க?" என்றாள் பூமாலை என்ற ஐம்பது வயதுக்காரி, ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்தபடி. பூவரசனுக்கு அவள் சித்தி முறை. அவன் கெஞ்சினான், பலிக்கவில்லை. அரை மணி நேரத்தில் படிவத்தில் விழுந்தது ஒரு சாம்பார்த் துளி மட்டும்தான்.

கடுப்பில்தான் பூவரசன் அதைச் செய்தான். பையிலிருந்து பழைய அறிக்கையை உருவி, "நீங்க சொல்லாட்டிப் போங்க சித்தி, நம்ம ஊரைப் பத்தி ஏஐ ஏற்கெனவே எழுதி வெச்சிருக்கு" என்று படிக்க ஆரம்பித்தான். கொள்ளிடம் பாய்கிறது என்றதும் ஒருத்திக்குப் புரையேறிவிட்டது. நெல்லும் கரும்பும் என்றதும், "எவன்டா சொன்னான்?" என்று ஒரு குரல் வந்தது. "மகளிர் பெரும்பாலும் தையல் தொழிலில் ஈடுபட்டு வளமாக வாழ்கின்றனர்" என்று அவன் முடிப்பதற்குள் பூமாலை தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"தையலா? இங்க எவ தைக்கிறா? பங்குனி சித்திரையில முந்திரிக் காட்டுல கொட்டை பொறுக்குறோம், எழுதிக்க. கொட்டையை வறுத்து உடைக்கிறப்ப அந்தப் பாலு தெறிச்சு வெரலு வெந்து போவுது, அதையும் எழுதிக்க. வளமா வாழுறோமாம்ல."

பிறகு கேட்க வேண்டுமா? ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். சோளம் எத்தனை மூட்டை வந்தது, எந்த வருடம் போர்க்கிணறு வற்றியது, எத்தனை அடி இறக்கியும் புகைதான் வந்தது, காலை பஸ்ஸை நிறுத்தியதிலிருந்து எத்தனை பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதை விட்டார்கள் என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி இல்லை என்று மறுக்க, மூன்றாமவள் பெயரோடு கணக்குச் சொல்லித் தீர்த்து வைத்தாள். சத்யாவின் பேனா ஓடிய வேகத்துக்குத் தாள் போதவில்லை. படிவத்தின் பின்பக்கம், பழைய அறிக்கையின் ஓரம் என்று கிடைத்த இடத்திலெல்லாம் எழுதினாள். கேட்டால் வாய் திறக்காத சனம், தப்பாகச் சொன்னால் சும்மா விடுவதில்லை. இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஆய்வு முறை என்று அவளுக்குத் தோன்றியது.

அங்கேயே உட்கார்ந்து அவள் போனை எடுத்தாள். இந்த முறை எழுதிக்கொடு என்று கேட்கவில்லை. இதுவரை கேட்டறிந்ததைச் சுருக்கமாக ஏஐயிடம் போட்டு, இதில் எதைக் கேட்காமல் விட்டிருக்கிறோம் என்று கேட்டாள். ஆறு கேள்வி வந்தது. நான்கு உப்புச் சப்பில்லாதவை. ஐந்தாவது, போர் வற்றிய பிறகு குடும்பத்தில் தண்ணீர் கொண்டுவருவது யார், அதற்கு ஒரு நாளில் எவ்வளவு நேரம் போகிறது என்பது. சத்யா அதைக் கேட்டாள். "அதை யாரும் கேட்டதில்ல" என்றாள் பூமாலை. பிறகு விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். காலையில் ஒன்றரை மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். மரத்தடியில் இருந்த எல்லோருக்கும் ஏறக்குறைய அதே கணக்குதான்.

பூவரசன் உற்சாகத்தில் பூமாலையின் பெயர், வேலை அட்டை எண் எல்லாவற்றையும் போனில் தட்டப்போனான். அவள் அவன் கையைப் பிடித்துவிட்டாள். "அதுல என் பேரைப் போடாத. அது எங்க போவுதுன்னு ஒனக்குத் தெரியுமா?" அவனுக்குத் தெரியவில்லை. சத்யாவுக்கும் தெரியவில்லை. "காலேஜ்ல மனுசங்க கேட்டாங்கன்னா குடு. நம்பரும் குடு. நான் பேசிக்கிறேன்" என்றாள் பூமாலை. சத்யா தலையாட்டினாள்.

திங்கட்கிழமை வகுப்பில் அவள் பலகையில் நான்கு வரி எழுதினாள். ஏஐயிடம் என்ன கேட்டோம் என்பதை மறைக்காமல் ஒட்ட வேண்டும். அது சொன்னதை ஊரில் வாசித்துக் காட்ட வேண்டும். தப்பைச் சிவப்பு மையில் அடித்து, திருத்தியது யார் என்று அவர்கள் சம்மதத்தோடு எழுத வேண்டும். யார் பெயரையும் ஏஐக்குள் போடக்கூடாது. இருபத்தேழு பேரும் பலகையைப் பார்த்தார்கள். அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டார்கள். ரேஷன் கடை வரிசையில் வாசித்தார்கள், பால் சொசைட்டியில் வாசித்தார்கள், லப்பைக்குடிகாட்டு இன்ஷா தன் மாமியின் வீட்டில் கல்யாணத்துக்குக் கூடியிருந்த பெண்களுக்கு நடுவில் வாசித்து, துபாய்க்குப் போனவர்கள் கணக்கில் ஏஐ விட்ட பிழையை அவர்கள் வாயாலேயே திருத்திக்கொண்டு வந்தாள். சத்யா ரெட்டிபாளையத்தில் லாரி ஷெட்டில் நின்று அப்பாவுக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் வாசித்தாள். தான் செய்த தப்பையும் அங்கேயே அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அவர், "ரெண்டாவது பக்கத்தைத் திரும்பப் படி, அந்தக் குவாரி ஆழம் தப்பு" என்றார்.

வியாழக்கிழமை முத்துவேல் சார் மேஜையில் இருபத்தெட்டு அறிக்கைகள் இருந்தன. அவர் புரட்டிப் பார்த்தார். "கமிட்டிக்கு நீயே கொண்டு வா. நான் உனக்காக ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்றார். ஆனால் அறிக்கைகளை உடனே திருப்பித் தரவில்லை. மாலை வரை வைத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை பிரின்ஸ்பால் மணிவேலின் அறையில் முத்துவேல் சார் உட்பட ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பிரின்ஸ்பாலுக்கு முன்னால் ஒரு தட்டச்சுத் தாள் இருந்தது. சத்யாவின் பெயர், பதிவெண், ஒரு வருட இடைநீக்கம், இன்று முதல் வளாகத்தில் ஏஐ தடை. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. வெளியே ஜன்னலை ஒட்டி இருபத்தேழு தலைகள்.

"திருடினதையே திரும்பவும் கொண்டாந்திருக்கியா?" என்றார் பிரின்ஸ்பால்.

"முதல் தடவை நான் திருடல சார், படிச்சுப் பாக்கல. அது அதைவிட மோசம்" என்றாள் சத்யா. "ஏஐக்கு எங்க ஊரு தெரியாது. தெரியாததைக்கூடத் தெரிஞ்ச மாதிரி எழுதுது. அதை ஊர்ல வாசிச்சுக் காட்டினோம். சிவப்புல இருக்கிறது எல்லாம் ஊரு சொன்னது."

பிரின்ஸ்பால் நம்பவில்லை. இந்தப் பூமாலை என்பவளும் ஏஐ எழுதிய கதைதானே என்றார். சத்யா நம்பரைக் கொடுத்தாள். அவர் ஸ்பீக்கரில் போட்டார். ஏரிக்கரைக் காற்று அறைக்குள் இரைந்தது.

"நான் பிரின்ஸ்பால் பேசுறேன்மா. இந்தப் பொண்ணு எழுதினது எல்லாம் நீங்க சொன்னதா?"

"ரெண்டரை மணி நேரம் தண்ணிக்கு நடக்குறோம்னு போட்டிருக்குதா?"

"போட்டிருக்கு."

"அப்ப நான் சொன்னதுதான். நீங்க எந்த ஊருங்க?"

அறையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "குன்னம் பக்கம்மா" என்றார் பிரின்ஸ்பால்.

"ஒங்க ஊரைப் பத்தி அந்த ஏஐ என்னா எழுதுதுன்னு படிச்சுப் பாத்தீங்களா?"

இல்லையென்று சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். போனை வைத்தார். கொஞ்சநேரம் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு யாரிடமும் எதுவும் சொல்லாமல் தன் செல்போனில் ஏஐயிடம் ஊர்ப்பெயரைத் தட்டினார். படித்தார். முகம் மாறியது. "ஒரே ஏரியாம். எங்கூருக்கு ஒரே ஏரின்னு எவன் சொன்னது" என்று முணுமுணுத்தார். முத்துவேல் சார் சுவரைப் பார்த்துக்கொண்டு மீசைக்குள் சிரித்தார். பிரின்ஸ்பால் தன் அக்காவுக்குப் போன் போட்டார். "அக்கா, நம்மூர்ல ஏரி எத்தனை? சித்தேரியைச் சேத்துத்தான் கேக்குறேன். அது எப்ப தூந்து போச்சு? இல்லக்கா, அது அய்யனார் கோயில் பக்கம். நீ சரியாச் சொல்லு."

கமிட்டி காத்திருந்தது. சத்யா நின்ற இடத்தில் நின்றாள். ஜன்னலில் பூவரசன் பிரவீணாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். பிரின்ஸ்பால் காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டே பேனாவுக்காக மேஜையைத் துழாவினார். கைக்குக் கிடைத்த தாளை, சத்யாவின் பெயர் இருந்த அந்தத் தாளைத்தான், குப்புறத் திருப்பிப் போட்டார். வெள்ளையாக இருந்த பக்கத்தில் முதல் வரியை எழுதினார்.

"மூணு ஏரி. சொல்லுக்கா, அடுத்து?"