திங்கட்கிழமைக்கான அட்டை

“மண்ணுக்கு அடியில என்ன இருக்குன்னு பார்க்கிறதெல்லாம் ஒரு வேலையா?” என்று பல் மருத்துவர் ஒருமுறை லோர்னாவைக் கேட்டார். வாய்க்குள் அவர் பல் பார்க்கும் கண்ணாடி இருந்ததால் அவளால் பதில் சொல்ல முடியவில்லை. வாய் சும்மா இருந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். வீடு வாங்குகிறவர்களின் வக்கீல்கள் கேட்பார்கள். வீட்டுக்கு அடியில் பழைய நிலக்கரிச் சுரங்கம் போகிறதா, சாக்கடை யார் பொறுப்பு, முன்னால் போகும் சாலை நகராட்சியுடையதா என்றெல்லாம் லோர்னாவும் அவள் கூட்டாளி கிளைவும் தேடி எழுதிக் கொடுப்பார்கள். மான்ஸ்ஃபீல்டு என்ற பழைய சுரங்க ஊரில் ஒரு சலூனுக்கு மேலே இரண்டு மேசை. கம்பெனியில் ஆளுக்குப் பாதி. தலை நரைக்கும்வரை அதே பிழைப்பு.

அவர்களுக்குத் தகவல் விற்கும் பெரிய நிறுவனம் ஆர்டன்மியர். வருடத்துக்கு ஒரு தடவை வாடிக்கையாளர்களை நெடுஞ்சாலையோரத்து ஹோட்டல் ஒன்றுக்கு அழைத்து, காபி கொடுத்து, ஒருவரோடு ஒருவர் பழகச் சொல்லும். இந்த வருடம் அழைப்போடு ஒரு கேள்வியும் வந்திருந்தது: உங்கள் கம்பெனியை எங்களுக்கு விற்றுவிடுகிறீர்களா? மதியச் சாப்பாட்டின்போது முடியாது என்று சொல்லிவிடுவதாக இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

கிளைவ் வண்டி நிறுத்த இடம் தேடிப் போனான். லோர்னா மழையில் நனைந்த கோட்டோடு வரவேற்பு மேசைக்குப் போய் இருவருடைய பெயர் அட்டைகளையும் வாங்கினாள். தன்னுடையதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மற்றதைப் பார்த்தாள். ‘கிளைவ் அட்டர்பி, ஆர்டன்மியர், வடக்கு மண்டலம்.’

“இது தப்பா இருக்கும்மா” என்றாள் மேசையில் இருந்த பெண்ணிடம்.

“தப்பா இருக்காதுங்க. எங்க பட்டியலை தினமும் புதுப்பிக்கிறோம்” என்று அந்தப் பெண் பெருமையாகச் சொன்னாள்.

லோர்னா அலட்டிக்கொள்ளவில்லை. இந்தத் தொழிலில் இது சகஜம். பக்கத்து வீட்டுக் கிணறு இந்த வீட்டுத் தாளில் ஏறிக்கொள்ளும். ஒரே பெயரில் இரண்டு தெரு இருந்தால் ஒன்றின் வெள்ளம் இன்னொன்றில் பாயும். வடக்கே எங்கோ இன்னொரு கிளைவ் அட்டர்பி இருப்பான். பாவம், கழுத்தில் மான்ஸ்ஃபீல்டைத் தொங்கவிட்டுக்கொண்டு அலைவான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

உள்ளே வட்ட மேசைகள். மணி அடித்தால் பாதிப் பேச்சிலேயே எழுந்து அடுத்த மேசைக்குப் போக வேண்டும்.

“மான்ஸ்ஃபீல்டா? இன்னும் பூமிக்குள்ள போகாம இருக்கா?” என்றார் கடலோரத்து ஹல் நகரத்து ஆள் ஒருவர்.

“நாங்க கீழ போறதுக்குள்ள நீங்க கடலுக்குள்ள போயிடுவீங்க, கவலைப்படாதீங்க.”

போன வருடமும் இதே ஆளிடம் இதையேதான் சொன்னோமோ என்று அவளுக்குத் தோன்றியது. சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்தது. மேசையடியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள். மணி அடித்து, அவர் எழுந்து போனார். அவள் எழுந்திருக்கவில்லை. காலியான நாற்காலியில், கையில் பாதி கடித்த பப்ஸோடு கிளைவ் வந்து உட்கார்ந்தான்.

“இடமே இல்ல, லோர்னா. குப்பைத்தொட்டி பக்கத்துல சொருகிட்டு வந்தேன். என் அட்டை எங்க?”

“இந்தா. உன்னை வடக்கு மண்டலத்துக்கே ராஜாவாக்கிட்டானுங்க, பாரு.”

கிளைவ் சிரிக்கவில்லை. “அதுக்குள்ள அச்சடிச்சிட்டானுங்களா? திங்கக்கிழமைதான்னு சொன்னானுங்களே.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. பப்ஸ் துணுக்கு ஒன்று தாடியில் ஒட்டியிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் லோர்னா தட்டிவிட்டிருப்பாள்.

“உன் பங்கை வித்துட்டியா?”

“போன வாரம் கையெழுத்து போட்டேன். வர்ற வழியில சொல்லிடலாம்னுதான் இருந்தேன். நீ என்னடான்னா, முடியாதுன்னு எப்படிச் சொல்றதுன்னு வழி பூரா ஒத்திகை பார்த்துட்டு வந்தே. எனக்கு வாயே வரல.”

“விக்க வேணாம்னு மொதல்ல சொன்னது நீதானே?”

“உனக்காகச் சொன்னேன். அந்த ரெண்டு மேசையை விட்டா நீ எங்க போவேன்னு நெனச்சேன். என்னால முடியல, லோர்னா. காலையில அந்த மாடிப்படியில கால் வைக்கும்போதே அழுகை வருது.”

லோர்னா ஆறிப்போன காபியைப் பார்த்தாள். அந்தப் படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவளும் மூச்சு வாங்கியிருக்கிறாள். விற்றுவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்ததை, கிளைவ் உடைந்துபோவானே என்று எத்தனை தடவை விழுங்கியிருக்கிறாள்! இப்போது அதைச் சொன்னால் அவன் முகம் தெளிந்துவிடும். ஆனால் அவன் முகத்தைத் தெளியவைக்கவும் அவளுக்குத் தெம்பில்லை.

“ஏதாவது பேசேன். திட்டவாவது செய், தாயே.”

அதற்குள் ஆர்டன்மியரின் இளம் மேலாளர் ஜோயல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்துவிட்டான்.

“லோர்னா! உங்களைத்தான் தேடிட்டிருந்தேன். கிளைவ் நம்ம குடும்பத்துக்குள்ள வந்தாச்சு. நீங்க எப்போ? மீதிப் பாதி உங்க கையிலதான் இருக்கு.”

இரண்டு ஆண்களும் அவள் வாயையே பார்த்தார்கள்.

அவள் காலால் துழாவிச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். நாற்காலி முதுகிலிருந்து கோட்டை எடுத்தாள். வந்தது கிளைவின் வண்டியில்; அந்த நெடுஞ்சாலையில் பஸ் நிற்குமா என்பதுகூட அவளுக்குத் தெரியாது. பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு, கைகுலுக்கிக்கொண்டிருந்த கூட்டத்தை விலக்கியபடி வாசலைப் பார்த்து நடந்தாள்.