ஒலிபரப்புக்கு முந்தின நாள்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒலிபரப்பாக வேண்டிய நிகழ்ச்சியை யாரோ திங்கட்கிழமையே கேட்டுவிடுகிறார்கள் என்ற சந்தேகம், மூன்றாவது வாரம்தான் உம்முசல்மாவுக்கு வந்தது.

காஞ்சிபுரம் செவிலிமேட்டில் ஒரு வீட்டு மாடியில் இயங்கிய வேகவதி சமுதாய வானொலியில் அவள் நாலு வருஷமாக 'நம்ம வார்டு' நடத்திவந்தாள். அவர்களுக்குச் செய்தி வாசிக்க அனுமதி கிடையாது. ஆனால் தண்ணீர் வரவில்லை, கால்வாய் மூடவில்லை என்று ஜனங்கள் தங்கள் வாயால் சொன்னால் அதைத் தாராளமாகப் போடலாம். ரெக்கார்டரைத் தோள்பையில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போவாள். தறியில் உட்கார்ந்தபடியே கேட்கும் நெசவாளர்கள் அவளை வழியில் நிறுத்தி, "எங்க தெருவுக்கு எப்பம்மா வருவே?" என்பார்கள்.

முதல் வாரம் பதிவு செய்தது ஓரிக்கை சாலையில் திறந்து கிடந்த கால்வாயைப் பற்றி. திங்கட்கிழமை காலையில் அதன்மேல் புதுச் சிலாப் உட்கார்ந்திருந்தது. நிலையத்தில் எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாவது வாரம் தெருவிளக்கு. அதுவும் திங்கட்கிழமையே எரிந்தது. நல்லதுதானே என்று விட்டுவிட்டாள்.

மூன்றாவது வாரம் ஓரிக்கை அம்சா. ரேஷன் கடையை மாசத்தில் நாலு நாள்தான் திறக்கிறார்கள், கடைக்காரர் கவுன்சிலர் ஆனந்தராஜுக்கு மச்சான் என்பதால் கேட்க ஆளில்லை என்று நன்றாகவே பேசியிருந்தாள். திங்கட்கிழமை அவளிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, நான் பேசினதை எடுத்துடுக்கா. காலைல ரெண்டு பேர் வந்து வாசல்ல நின்னுக்கினு, 'கடை, மச்சான்னு ரேடியோல என்னமோ சொன்னியாமே'ன்னு கேட்டுட்டுப் போறாங்க."

உம்முசல்மா அதை எடுத்துவிட்டாள். அந்தப் பேச்சைக் கேட்டது மூன்றே பேர். அவள், நிலையப் பொறுப்பாளர் எஸ்தர், ஒலியைச் சரிசெய்து கொடுக்கும் மணிவண்ணன்.

எஸ்தரை அவளால் சந்தேகப்பட முடியவில்லை. அதனால் மணிவண்ணனைக் கவனிக்க ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பறையும் கானாவுமாக இசை நிகழ்ச்சி நடத்துகிறவன் அவன். போன் வந்தால் படிக்கட்டுக்குப் போய்த்தான் பேசினான். அவள் உள்ளே வந்தால் ஹெட்போனைக் காதிலிருந்து எடுக்க மாட்டான். வியாழக்கிழமை கவுன்சிலரின் வண்டியில் பின்னால் அவன் உட்கார்ந்து போவதைப் பஸ்ஸிலிருந்து பார்த்தாள். அதற்குப் பிறகு அவன் தும்மினாலும் அவளுக்கு அர்த்தம் தெரிந்தது.

சனிக்கிழமைக் கூட்டத்தில் எட்டு பேர் இருந்தார்கள்.

"மணி, கவுன்சிலர் வண்டியில போய்க்கினு இருந்தியே, என்ன விஷயம்?"

"அவங்க வீட்டுல காதுகுத்து. மேளம் கேட்டாருக்கா."

"மேளம் மட்டும்தான் கேட்டாரா?"

மணிவண்ணன் அவளையே பார்த்தான். பிறகு ஸ்டூடியோ சாவியை எஸ்தர் முன்னால் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனான்.

"கண்ணால பார்க்காம சொல்லிட்டியே சல்மா," என்றாள் எஸ்தர்.

"பாருங்க. இந்த வாரம் ஒண்ணும் வெளியே போகாது."

அன்று சாயங்காலமே பெரிய காஞ்சிபுரத்தில் காசிநாதன் என்ற நெசவாளரிடம் பதிவு செய்தாள். தெருத் தண்ணீர்த் தொட்டியை ஆறு மாசமாகக் கழுவவில்லை. "குடத்துல புழு நெளியுது, அதுங்களுக்கும் ஓட்டு குடுத்துடுங்க" என்று அந்த மனுஷன் சொன்னது அவளுக்கு ரொம்பப் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வீட்டில் லேப்டாப்பில் வெட்டி ஒட்டினாள்; இந்தத் தடவை எஸ்தரிடம்கூடக் காட்டவில்லை.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் காசிநாதன் கூப்பிட்டார்.

"யம்மா, ஆள் வந்து தொட்டியைக் கழுவிட்டுப் போனாங்க. 'புழுவுக்கு ஓட்டு கேட்டியாமே'ன்னு நக்கல் வேற. நீ இன்னும் போடவே இல்லையேம்மா?"

அவள் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள். மணிவண்ணன் கேட்கவில்லை. எஸ்தர் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இதே சமையலறையில்தான் லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது. அவள் புருஷன் ஜாஃபர் கையில் டீ கிளாஸோடு கதவு நிலையில் சாய்ந்து நின்று, "யாரு இது? சரியான வாய்!" என்று சிரித்தான். நாலு வாரமாக, ஞாயிற்றுக்கிழமை தோறும் அங்கேதான் நின்றான்.

ஜாஃபருக்குப் பட்டுப்புடவைக்கு அட்டைப்பெட்டி செய்யும் கடை. அவள் உள்ளே போனபோது மூடிகளுக்குத் தங்கக் கலர் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் பசைக் குச்சியைக் கீழே வைத்தான்.

"நீங்களாங்க?"

அவன் எதிரே இருந்த ஸ்டூலைக் காட்டினான்.

"ஒரு மாசம் முன்னாடி கவுன்சிலர் இங்க வந்தாரு. இதே ஸ்டூல்ல உட்கார்ந்து டீ குடிச்சாரு. 'உங்க பொண்ணு நஸ்னீன் செவிலிமேடு ஸ்டாப்புலதானே காலேஜ் பஸ் ஏறுது?'ன்னு சிரிச்சுக்கினே கேட்டாரு. வேற ஒரு வார்த்தை சொல்லல. போகும்போது, ரேடியோல என்ன வருதுன்னு முன்னாடியே சொன்னா வேலையை முடிச்சுடலாம்ன்னாரு. நான் என்ன பண்ணட்டும் சல்மா?"

"எங்கிட்ட சொல்லியிருக்கணும்."

"சொன்னா நீ நிறுத்துவியா?"

ஒரு மாசமாக மகள் பஸ் ஏறும்வரை அவன் ஏன் கூடவே போய் நிற்கிறான் என்பது இப்போதுதான் விளங்கியது. ஆனாலும் அம்சா வாசலில் ரெண்டு பேர் நின்றதை அவளால் மன்னிக்க முடியவில்லை.

"அந்தப் பொம்பளைக்கும் வீட்டுல பசங்க இருக்காங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அங்கிருந்து நேராக மணிவண்ணன் வீட்டுக்குப் போனாள். அவன் அவளை உட்காரச் சொன்னான். சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"உங்க வீட்டுக்காரர் மேல ஒரு நாளாவது சந்தேகம் வந்துச்சாக்கா?"

"இல்ல."

"எஸ்தரக்கா மேல?"

அவள் தலைகுனிந்தாள்.

"என் மேல மட்டும் உடனே வந்துச்சு. எங்க தெருக்காரனுக்கு இது புதுசு இல்ல. நீங்களும் அப்படியான்னுதான் ரெண்டு நாளா தூக்கம் வரல. எங்க சொன்னீங்களோ, அங்கயே வந்து சொல்லுங்க."

மறுநாள் காலை எஸ்தர் எல்லாரையும் கூப்பிட்டாள். அதே எட்டு பேர் முன்னால், கசியவிட்டது தன் புருஷன், ஆதாரமில்லாமல் பழி போட்டது தான் என்று உம்முசல்மா சொன்னாள். பாதியில் குரல் உடைந்தது. நிறுத்தாமல் சொல்லி முடித்தாள். நிகழ்ச்சியை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்றும் சொன்னாள். எஸ்தர் மணிவண்ணனைப் பார்த்தாள்.

"அவங்களே நடத்தட்டும்," என்றான் அவன். "ஆனா பதிவு வேணாம். நேரலை பண்ணுவோம். முன்னாடியே கேக்க ஒண்ணும் இருக்காது."

அன்று சாயங்காலம் காசிநாதன் வந்தார். அம்சாவும் வந்தாள். உம்முசல்மா கூப்பிடவில்லை, மணிவண்ணன்தான் போய் விவரம் சொல்லி, வர இஷ்டமா என்று கேட்டு அழைத்துவந்திருந்தான். ஆறு மணிக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. பத்தாவது நிமிஷம் வெளியிலிருந்து வந்த ஒரு அழைப்பைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மணிவண்ணன் இணைத்தான்.

"வணக்கம்மா, ஆனந்தராஜ் பேசறேன். நிகழ்ச்சி பிரமாதம். வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

அம்சா நிமிர்ந்து பார்த்தாள்.

"சௌக்கியம் சார். எம் பொண்ணு எந்த ஸ்டாப்புல பஸ் ஏறுதுன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டீங்களாமே. அவரு சொன்னாரு. இப்ப கேட்டுக்கினு இருக்கிற எல்லாருக்கும் தெரியட்டும். ரேஷன் கடை நாளைக்குத் திறக்குமா சார்?"

அவர் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

கடை புதன்கிழமை திறந்தது. அந்த மாசம் முழுக்கத் திறந்தே இருந்தது. மணிவண்ணன் வேலைக்குத் திரும்பினான். வேலையைப் பற்றி மட்டுமே அவளிடம் பேசினான். ஜாஃபர் மகளோடு ஸ்டாப்புக்குப் போவதை நிறுத்தவில்லை. சில நாள் அவளும் கூடப் போனாள்; மூன்று பேரும் பஸ் வரும்வரை அங்கே நின்றார்கள்.