ஒரு சொல், இரண்டு நாற்காலி

மார்வாவின் நாற்காலியில் அவளுடைய அம்மா உட்கார்ந்துவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. சர்ச்சிலிருந்து நேராக வந்தவள், தொப்பியைக் கழற்றி ரம் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். மனைவி மார்வா இறந்த பிறகு டென்சில் எதற்குமே ஒன்றும் சொல்வதில்லை.

கிளைட்டின் ரம் கடையில் ஞாயிறு மத்தியானம் சொல் விளையாட்டு நடக்கும். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஆளுக்கொரு புது அர்த்தம் சொல்ல வேண்டும். சரியென்றால் மேசையைத் தட்டுவார்கள். ஜோடி இல்லாதவன் வேடிக்கை பார்க்கலாம். டென்சில் மாதக்கணக்காக வேடிக்கைதான் பார்த்தான். இன்று ஆடி ஜெயிக்காவிட்டால் அவனும் மார்வாவும் உட்கார்ந்து ஆடிய இரண்டு நாற்காலியும் போஸ்ட் ஆபீஸ் தம்பதிக்கு என்று கிளைட் சொல்லியிருந்தான்.

"அத்தை, உங்களுக்கு இது வராது."

"வராட்டி கழுத்தையா வெட்டிருவாங்க? ஆடு மாப்ள."

சொல், 'ரன்'. எதிரில் கிளைட்டும் அவன் தங்கை வெல்மாவும்.

"கடை நடத்துறது" என்றாள் வெல்மா.

"மூக்கு ஒழுகுறது" என்றான் டென்சில்.

"எலெக்‌ஷன்ல நிக்கிறது" என்றான் கிளைட்.

அத்தை டென்சிலை மேலும் கீழும் பார்த்தாள். "துணியில சாயம் இறங்குறது. பாருங்க, வெள்ளைச் சட்டையை ரோஸ் ஆக்கிப் போட்டுக்கிட்டு வந்திருக்காரு."

மேசை அதிர்ந்தது. டென்சிலும் சிரித்தான். சிரித்த பிறகுதான் அதைக் கவனித்தான்.

அடுத்தடுத்த அர்த்தங்களில் ஆறு ஓடியது, இஞ்சின் ஓடியது, காலுறையில் நூல் பிரிந்தது, கோழி ஓடித் திரியும் அடைப்பும் கட்டியாயிற்று. கிளைட் கையை விரித்தான். "தீந்துபோச்சு. அம்மா ஒண்ணு சொல்லிட்டா நாற்காலி உங்களுக்கு."

டென்சில் மனதுக்குள் தேடினான். கிடைக்கவில்லை. ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது. அப்படி ஒன்று வேண்டும் என்று தோன்றி எவ்வளவு நாளாயிற்று.

அத்தை தயங்கினாள். "இந்தக் கிரிக்கெட்ல எடுப்பாங்களே. அதை முதல்லயே சொல்லிட்டீங்களோ?"

கிளைட்டும் வெல்மாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பார்படாஸில் பிறந்து, நாலு சுவரிலும் ஆட்டக்காரர்களின் படத்தை ஒட்டிய கடையில் உட்கார்ந்துகொண்டு, அதை ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

"நீ சொன்னேன்னுல்ல நெனச்சேன்" என்றான் கிளைட்.

"நான் நீ சொல்லியிருப்பேன்னு நெனச்சேன்" என்றாள் வெல்மா. "வெளிய சொல்லிராதீங்க. தீவை விட்டே தொரத்திருவாங்க."

கிளைட் முதலில் தட்டினான்.

"அடுத்த சொல் என்ன?" என்று கேட்டபடி, அத்தை மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களை நீட்டினாள். டென்சில் தன் காலைச் சற்று நகர்த்தி இடம் விட்டான்.